வியட்நாம் போகிற தங்கச்சிக்கு: அந்த ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியவை

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஹனோய், சாபா, ஹா லாங், நின் பின், ஹுவே, தா நாங், ஹோய் ஆன், தா லாத், சைகோன், ஃபூ குவோக் தீவு. பத்து இரவுக்குப் பத்து இடம். உன்கூட வருவது முட்டி வலியோடு அப்பாவும், மீன் வாடை பட்டாலே தட்டைத் தள்ளிவைக்கிற அம்மாவும். மூன்று பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு. அதனால் முதல் வேலையாக அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடு. எதை அடிப்பது என்று நான் சொல்கிறேன். ஆனால் என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

எங்கே போனாலும் எல்லோரும் கேட்பது, "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்பதுதான். ஹனோயில் யாரிடம் அப்படிக் கேட்டாலும் உன் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் சொல்வார்கள். ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் வேறு. இந்த மாதம் மழை காலையில் வருமா, சாயங்காலமா? ஹுவே அரசர்களின் கல்லறைகளுக்கு எத்தனை மணிக்குப் போனால் வெயில் தாங்கும்? எந்தக் கிழமை கதவு பூட்டியிருக்கும்? எந்தத் தெருவுக்குள் சனிக்கிழமை கார் போகாது? இப்படிச் சின்னச் சின்னதாகக் கேள். பெரிய கேள்விக்கு விளம்பரத் தாளில் இருப்பதே பதிலாக வரும். சின்னக் கேள்வி கேட்டால் மனுஷர் யோசித்துச் சொல்வார்.

மாதத்தை முடிவு செய்த பிறகு ஊர்

அப்பா தீபாவளி லீவில் போகலாம் என்கிறார் இல்லையா? அவரிடம் வரைபடத்தைக் காட்டு. வியட்நாம் வடக்கிலிருந்து தெற்காக சுமார் 1,650 கிலோமீட்டர் நீண்ட நாடு. ஒரே வாரத்தில் மூன்று பருவத்தை அங்கே பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் ஹனோயில் வெயில் தணிந்து அருமையாக இருக்கும். அதே நாட்களில் நடுவில் இருக்கும் ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் கொட்டித் தீர்க்கும். ஹோய் ஆன் பழைய ஊரில் ஆற்றுத் தண்ணீர் கடைகளுக்குள் ஏறுவது அந்த மாதங்களில் வழக்கமாக நடப்பது. அங்குள்ளவர்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றிப் பழகியவர்கள். அம்மாவும் அப்பாவும் அப்படியல்ல.

உங்கள் மூவருக்கும் பொருந்துவது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. ஹனோயில் லேசான தூறலும் குளுமையும் இருக்கும். நடுப்பகுதி காய்ந்து இதமாக இருக்கும். சைகோனில் வெயில் சுடும், ஆனால் அது நமக்குத் தெரியாத வெயிலா? தீபாவளிக்குத்தான் போயாக வேண்டும் என்றால் நடுப்பகுதியை முழுக்க விட்டுவிடு. ஹனோய், நின் பின் பார்த்துவிட்டு இரண்டு மணி நேர விமானத்தில் நேரே சைகோன் போய்விடு. அரைகுறையாக மழையில் ஹோய் ஆனைப் பார்ப்பதைவிட இன்னொரு முறைக்கு மிச்சம் வைப்பது மேல்.

தேதி குறிக்கும் முன் 'தெத்' எப்போது என்று பார். அது அவர்களுடைய சந்திரப் புத்தாண்டு. ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும். நம்மூர் பொங்கலுக்குக் கோயம்பேட்டில் நிற்கிற கூட்டம் அந்த ஒரு வாரம் நாடு முழுக்க ரயிலிலும் விமானத்திலும் இருக்கும். குடும்பம் நடத்துகிற சின்னக் கடைகள் பல நாள் மூடிக்கிடக்கும். ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அடுத்தடுத்து விடுமுறை. அப்போதும் கடற்கரை ஊர்களில் அறை வாடகை ஏறிவிடும்.

இரவுக் கணக்கு போடு

பத்து இரவை இப்படிப் பிரி: ஹனோய் மூன்று, ஹுவே இரண்டு, ஹோய் ஆன் மூன்று, சைகோன் இரண்டு. நாள் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவாய். ஊர் மாறுகிற நாளில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஏர்போர்ட்டில் காத்திருந்து, புது அறைக்குள் நுழைவதற்குள் பாதி நாள் போய்விடும். இரவை எண்ணினால் அந்தப் பாதி நாள் கண்ணில் படும்.

சாபா மலைக்கு ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் போக, அதே அளவு திரும்பி வர. அப்பாவின் முட்டிக்கு வேண்டாம். ஹா லாங் விரிகுடாவா நின் பின்னா என்று கேட்டாய். படகிலேயே ஓர் இரவு தங்குவதாக இருந்தால் ஹா லாங். காலையில் போய் இரவு திரும்புவதாக இருந்தால் நின் பின். ஹனோயிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே ட்ராங் ஆனில் துடுப்புப் படகில் உட்கார்ந்தபடியே சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்குள் போய் வரலாம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பக்கத்திலேயே ஹாங் முவா என்று சுமார் 500 படி உள்ள மலை இருக்கும். எல்லோரும் "ஏறுங்க, ஏறுங்க" என்பார்கள். நீ வேண்டுமானால் ஏறிவிட்டு வா. அப்பாவைக் கீழே நிழலில் உட்கார வை.

விமான டிக்கெட்டில் இதை மட்டும் கவனி. ஹனோயில் இறங்கி, சைகோனிலிருந்து ஊருக்குக் கிளம்பு. போக வர ஒரே ஊர் என்று எடுத்தால் கடைசி நாளில் நாடு முழுக்கத் திரும்பி வடக்கே பறக்க வேண்டியிருக்கும். விலை தேடும்போது 'மல்டி சிட்டி' என்று ஒரு பகுதி இருக்கும், அதில் தேடு.

ஹனோயிலிருந்து ஹுவேக்கு ரயிலும் உண்டு. 688 கிலோமீட்டர், ஒரு முழு இரவு. நீ தனியாகப் போனால் அதில்தான் போகச் சொல்வேன். இவர்களோடு விமானத்தில் போ. ஆனால் ஹுவேயிலிருந்து தா நாங் வரைக்கும் பகல் ரயிலை விட்டுவிடாதே. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஹை வான் கணவாய்க்குக் கீழே ரயில் மலையைச் சுற்றி மெதுவாகப் போகும்போது கடல் காலடியில் கிடக்கும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். டிக்கெட் எடுக்கும்போதே இடது ஜன்னலாகக் கேட்டு வாங்கு. தா நாங்கிலிருந்து ஹோய் ஆன் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஹோய் ஆனுக்கு ரயிலும் கிடையாது, ஏர்போர்ட்டும் கிடையாது, கார்தான்.

விசாவும் நம் இனிஷியலும்

இ-விசா போதும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 90 நாள் வரை தருகிறார்கள். 'டாட் கவ் டாட் விஎன்' என்று முடிகிற அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பி. அதே மாதிரித் தோற்றத்தில் இரண்டு மூன்று மடங்கு வாங்குகிற தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். கம்போடியாவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற ஆசை இருந்தால் பலமுறை விசாவாக எடு.

நம் வீட்டுக்காரர்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அம்மாவுடையதில் அந்தக் கட்டத்தில் தாத்தா பெயர் இருக்கிறது. உன்னுடையதில் இனிஷியல் விரித்து எழுதியிருக்கிறது. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சிட்டிருக்கும் அல்லவா? அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஓர் எழுத்துப் பிசகாமல் விசாவிலும் விமான டிக்கெட்டிலும் போடு. விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நுழையும் தேதி நான்கையும் நீ படித்துக் காட்ட அப்பாவைச் சரிபார்க்கச் சொல். தப்பு இருந்தால் பெரும்பாலும் புதிதாகவே பணம் கட்டி எடுக்க வேண்டிவரும். நுழையும் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவு விமானம் என்றால் தேதியை இன்னும் ஒருமுறை பார்.

யாரிடம் எதைக் கேட்பது

இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்ததில் முக்கியமானது. ஊர்க்காரர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று அர்த்தமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரியும்.

அறை பதிவு செய்ததும் அந்த வீட்டுக்காரருக்கோ வரவேற்பில் இருப்பவருக்கோ செய்தி அனுப்பு. வாட்ஸ்அப்பில் பெரும்பாலும் பதில் வரும். அங்குள்ளவர்கள் தங்களுக்குள் பயன்படுத்துவது ஸாலோ. உன் பயண வரிசையை அப்படியே அனுப்பி, "வயசான அப்பா அம்மாவோட வர்றோம், இதுல எது அவங்களுக்குக் கஷ்டம்?" என்று கேள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எது கஷ்டம் என்று கேட்டால் மனம் விட்டுச் சொல்வார்கள். ஹுவேயில் நான் தங்கிய வீட்டு அம்மாவிடம் அப்படிக் கேட்டபோதுதான், அரசர்களின் கல்லறைகளைக் காலை ஏழரைக்கே ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, மதியம் தூங்கி எழுந்து, மாலையில் ஆற்றங்கரைக்குப் போகச் சொன்னார். 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் வம்சத்தின் கோட்டையும் கல்லறைகளும் திறந்தவெளியில் பரந்து கிடப்பவை. அந்த ஒரு யோசனைதான் என் ஹுவேயைக் காப்பாற்றியது.

ஹனோய் பழைய நகரத்தில் அறை எடுக்கும்போது அவர்களிடம் இன்னும் நான்கு கேள்வி உண்டு. லிஃப்ட் இருக்கிறதா? எங்களுக்கு எந்த மாடி? அறையில் ஜன்னல் உண்டா? வாசல் வரை கார் வருமா? அங்கே வீடுகள் முகப்பு ஒடுங்கி, உள்ளே நீளமாக, உயரமாக இருக்கும். ஐந்தாம் மாடிக்குப் படியேற வேண்டிய விடுதிகளும், ஜன்னலே இல்லாத அறைகளும் சகஜம். ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்கள் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை நடப்பவர்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் பெட்டியோடு வந்து இறங்கினால் டாக்ஸி எல்லையிலேயே விட்டுவிடும். ஹோய் ஆன் பழைய ஊருக்குள்ளும் நாளின் பெரும்பகுதி வண்டி நுழையாது. அறை அழகாக இருக்கிறதா என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றைக் கேட்டால்தான் தெரியும்.

வரவேற்பில் இருப்பவர் ஒரு டூர் பஸ்ஸையோ தையல் கடையையோ சிபாரிசு செய்தால் அதில் அவருக்குச் சிறு கமிஷன் இருக்கலாம். அது அவர் பிழைப்பு, தப்பாக நினைக்காதே. ஆனால் அதே கேள்வியை அந்தத் தொழிலில் இல்லாத இன்னொருவரிடமும் கேட்டுப் பார். காபிக் கடைப் பெண்ணிடம், மருந்துக் கடைக்காரரிடம். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போ.

மாணவர்களிடம் பேசு. ஹோவான் கியெம் ஏரிக்கரையில் வார இறுதியில் ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் பிள்ளைகள் தாங்களே வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஹனோய்கிட்ஸ் என்ற மாணவர் அமைப்பு இலவசமாகவே ஊர் சுற்றிக் காட்டுகிறது. நுழைவுச் சீட்டும் போக்குவரத்தும் நம் செலவு. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்துவிடும், சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உன் பாட்டி ஊரிலிருந்து வந்தா எங்க கூட்டிட்டுப் போவே?" என்பது. இளைஞர்களுக்குப் பிடித்த இரைச்சலான இடத்தைச் சொல்லாமல், உட்கார நாற்காலியும் நிழலும் உள்ள இடத்தை யோசித்துச் சொல்வார்கள்.

ஓட்டுநரிடம் நேரத்தைக் கேள், விலையைக் கேட்காதே. "ஏர்போர்ட்டுக்கு நாளை காலை ஆறு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும், எட்டு மணிக்கு எவ்வளவு?" இந்த விஷயத்தில் அவருக்கு மேல் வாத்தியார் கிடையாது. விலைக்கு கிராப் செயலி இருக்கிறது. அதை இங்கேயே இறக்கி, நம் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டுத் தயார் செய்துவிட்டுக் கிளம்பு. அங்கே போய் சிம் மாற்றிய பிறகு அந்த ஓடிபி வராமல் அல்லாட வேண்டாம். ஏர்போர்ட் வாசலில் "கிராப், கிராப்" என்று கூப்பிட்டு வருகிறவர்களிடம் போகாதே. செயலியில் வந்த வண்டி எண்ணைப் பார்த்து ஏறு. சைக்ளோ ரிக்‌ஷாவில் ஏறும் முன் விலையை போன் கால்குலேட்டரில் தட்டச் சொல்லி, அது ஆளுக்கா, மொத்தத்துக்கா என்று கைகாட்டிக் கேட்டுக்கொள்.

அவர்கள் எழுத்து ரோமன் எழுத்துதான், ஆனால் மேலும் கீழும் குறிகள் மாறினால் தெருவே மாறிவிடும். முகவரியை நீ தட்டாதே. விடுதிக்காரர் அனுப்பிய செய்தியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டு. கூகுள் டிரான்ஸ்லேட்டில் வியட்நாமிய மொழியை இறக்கி வைத்துக்கொள், இணையம் இல்லாமலும் ஓடும்.

அம்மாவின் சாப்பாடு

அம்மா இரண்டு பை நிறைய புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டுவாள். ஒரு பை போதும் என்று நான் சொன்னதாகச் சொல். வியட்நாமில் சைவம் கிடைக்காது என்பது சரியல்ல. புத்த மரபில் வந்த நல்ல சைவச் சமையல் அங்கே உண்டு, அதிலும் ஹுவே அதற்குப் பெயர்போன ஊர். 'சாய்' என்று எழுதிய பலகையைத் தேடு. ஆங்கில எழுத்தில் சி, எச், ஏ, ஒய் என்று இருக்கும். 'கொம் சாய்' என்றால் சைவச் சோறு. "அன் சாய்" என்று சொன்னால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று புரிந்துகொள்வார்கள்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சைவம்தான். நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் நாட்கள். அம்மாவின் காலண்டரை வைத்தே கணக்குப் போடலாம். அன்றைக்கு அசைவக் கடைகள் சிலவற்றில்கூட சைவம் கிடைக்கும். சைவக் கடைகளில் கூட்டமும் இருக்கும், மதியம் பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

மற்ற கடைகளில் "இது சைவம்தானே?" என்று கேட்காதே. இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் தலையாட்டிவிடுவார்கள். வதக்கிய கீரையிலும் 'நூக் மாம்' என்னும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். நூடுல்ஸ் மிதக்கிற சாறு எலும்பில் கொதித்ததாக இருக்கும். "இதுல என்னென்ன போட்டிருக்கு?" என்று கேள். சாய்ப் பலகை இல்லாத இடத்தில் அம்மாவுக்குப் பழமும் இளநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த கடையைப் பார்.

நீயும் அப்பாவும் எல்லாம் சாப்பிடுவீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு விஷயம்: அங்கே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வேளை உண்டு. ஃபோ சூப்பின் ருசி காலையில் தெரியும். ஹனோயின் பூன் சா மதியச் சாப்பாடு. கரியில் வாட்டுகிற புகை தெருவில் வரும்போதே போய் உட்கார வேண்டும். "இப்ப இந்த நேரத்துக்கு நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டுச் சாப்பிட்டால் எந்த ஊரிலும் வயிறு கெடுவது குறைவு. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியதாக இருக்கும். குழாய்த் தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டாம்.

ரோடு

அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். தெருவில் கால் வைக்கும் முன் முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். நமக்குப் பழக்கம் வலது பக்கம் பார்ப்பது. இதை மூன்று பேரும் இங்கேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மோட்டார் பைக் வெள்ளத்தைக் கடக்க ஊர்க்காரர்கள் சொல்வது: மெதுவாக, ஒரே வேகத்தில் நட. ஓடாதே, நடுவில் நிற்காதே, பின்வாங்காதே. பைக்காரர் உன் நடையைப் பார்த்துத்தான் ஒதுங்குவார். பஸ்ஸும் காரும் அப்படி ஒதுங்காது, அவை போகும்வரை நில். அப்பாவை நடுவில் விட்டு, வண்டி வருகிற பக்கம் நீ நட. ஹனோயில் பெரிய ரோடுகளைக் கடக்க அஞ்சினால் கிராப் காரில் எதிர்ப்பக்கம் போய் இறங்கு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஹோய் ஆனில் ஸ்கூட்டர் வாடகைக்குத் தருகிறேன் என்பார்கள். எடுக்காதே. நம் நாட்டில் தருகிற சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஒப்பந்தத்தின்படி ஆனது, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. வாடகைக்குத் தருகிறவர் லைசென்ஸ் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடலாம். விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரிக்கும். அங்கே சைக்கிள் நன்றாக இருக்கும், ஊர் சமதளம்.

விட்டுவிடக் கூடாத இரண்டு இடங்கள்

ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மீ சோன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டிய செங்கல் சிவன் கோயில்கள். முதல் கோயிலைக் கட்டிய பத்ரவர்மன் தன் பெயரோடு சேர்த்து லிங்கத்துக்கு பத்ரேஸ்வரன் என்று பெயர் வைத்தான். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் இடிந்தது. மிஞ்சிய சில தொகுதிகளை நம் இந்தியத் தொல்லியல் துறை சீர்செய்தது. 2020-இல் அந்த வேலையின்போதே ஒன்பதாம் நூற்றாண்டின் ஒற்றைக்கல் லிங்கம் வெளியே வந்தது. அம்மா அங்கே கொஞ்ச நேரம் தனியாக நிற்க ஆசைப்படுவாள். அதற்கு, கூட்டப் பஸ்கள் வரும் முன்பே, கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். முதல் நாளே ஓட்டுநரிடம் பேசி வை. அவர் "அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்றால் பேரம் பேசாதே, கிளம்பிவிடு.

ஹோய் ஆனில் துணி தைக்கக் கொடுப்பதாக இருந்தால் முதல் நாளே கொடு. போட்டுப் பார்த்துத் திருத்த இன்னும் ஒரு நாள் வேண்டும். விளக்கு விழா பௌர்ணமிக்கு முந்தைய இரவை ஒட்டி வரும். அழகுதான், ஆனால் ஆற்றங்கரையில் நெரிசல். அப்பாவுக்கு மற்ற இரவுகளே போதும், அப்போதும் விளக்குகள் எரியும்.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் போன நம்மவர்கள் விட்டுவந்தது. இன்றைக்கு அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியப் பெண்கள். ஊதுபத்தியோடு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அவர்கள் அம்மனிடம் பேசுவதைப் பார்த்தால் அம்மாவுக்கு மொழி தேவைப்படாது. நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் நடக்கிற தூரத்தில்தான். கூ சி சுரங்கத்துக்குப் போவதானால் பென் தின், பென் தூவோக் என இரண்டு நுழைவு உண்டு. முன்னது கிட்டே, கூட்டம் அதிகம். பின்னது தூரம், அமைதி. எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு. சுரங்கத்துக்குள் தவழ்ந்து போகும் வேலையெல்லாம் அப்பாவுக்கு இல்லை.

ஹனோயில் ஹோ சி மின் நினைவிடம் காலையில் மட்டும்தான் திறக்கும். திங்களும் வெள்ளியும் பூட்டியிருக்கும். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். இனவியல் அருங்காட்சியகமும் திங்களன்று கிடையாது. ஹனோயில் உன் நாட்கள் எந்தக் கிழமையில் விழுகின்றன என்று இப்போதே பார்த்துவிடு.

பணம்

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். விலையில் கடைசி மூன்று பூஜ்யத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொள். ஒரு லட்சம் டாங் என்பது முந்நூற்றைம்பது ரூபாய்க்குள். கடைக்காரர் "ஐம்பது" என்றால் ஐம்பதாயிரம் என்று அர்த்தம். 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டும் நீலம். இருட்டில் டாக்ஸிக்குள் மாறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. பெரிய தாள்களை அப்பாவின் உள்பையில் வைத்துவிட்டு, உன் கைப்பையில் சின்னத் தாள்கள் மட்டும் வை. இங்கிருந்து மடியாத, கிழியாத டாலர் கொண்டுபோய் அங்கே வங்கியிலோ உரிமம் பெற்ற கவுன்ட்டரிலோ மாற்று.

விடுதியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். தங்குகிறவர் விவரத்தைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம். படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிடு. நம் இரண்டு முள் சார்ஜர் அங்கே பெரும்பாலும் பொருந்தும், அப்பாவின் மூன்று முள் லேப்டாப் சார்ஜருக்கு மட்டும் ஒரு அடாப்டர் எடு. அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால், அப்பாவின் மாத்திரை வேளையை அதற்கேற்ப மாற்றி எழுதி வை.

டாங்கை இங்கே கொண்டுவந்து மாற்றுவது பெரும்பாடு. சைகோனில் கடைசி நாளுக்கு முந்தைய நாள் மாலை மிச்சத்தை எண்ணிப் பார். ஏர்போர்ட் காருக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் தேவையானதை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு பென் தான் சந்தையில் அம்மா கேட்கிற முந்திரியும் எனக்குக் காபித்தூளும் வாங்கிக்கொண்டு வா.